பன்னிரண்டு அடுப்புகள்

ஜூலை 7, ஞாயிறு

வீட்டுக்காரி செண்பகத்தை ரயிலேற்றிவிட்டு வந்தேன். ஆறு வாரம் பெங்களூரில் பயிற்சி. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கையசைப்பாள் என்று பார்த்தால், பையைக் குடைந்து இந்த டைரியை எடுத்து நீட்டுகிறாள்.

"பவுண்டேஷன்ல குடுத்தது. கொட்டகையில தெனம் என்ன நடக்குதுன்னு எழுதி வைங்க. வந்து ரிப்போர்ட் எழுதணும்."

ஆக, இதை அவள் படிக்கப் போகிறாள். நடந்ததை மட்டும் எழுதுவதாக உத்தேசம். முதல் பக்கத்தில் ஏதேதோ கேட்டிருக்கிறது. பெயர்: கலியபெருமாள். தொழில்: லேத் பட்டறை. ரத்த வகை: தெரியாது, காலியாக விட்டிருக்கிறேன்.

பெங்களூர்க்காரர்களின் தொழிலே இதுதானாம். ஏழ்மையை எதிர்த்து ஊரூராக எதையாவது புதிதாகச் செய்கிறவர்களைத் தேடிப்பிடித்து, பயிற்சி கொடுத்து, தேறினால் இரண்டு வருஷம் தாங்கிப் பிடிக்கிறார்கள். அதற்கு ஃபெல்லோஷிப் என்று பெயர். போன மாதம் வரை செண்பகம் 'அடுப்பக்கா'. இப்போது 'சமூகத் தொழில்முனைவோர்'. கூப்பிட்டு முடிப்பதற்குள் பால் பொங்கிவிடும்.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. டீக்கடையில் பழக்கதோஷத்தில் இரண்டு பார்சல் சொல்லிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

ஜூலை 8, திங்கள்

பட்டறையைக் காலையில் பூட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். பெரியாஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே இருக்கிற தகரக் கொட்டகை. என் பட்டறையிலிருந்து நாலு கடை தள்ளி. ஐந்து வருஷமாக அங்கே நடப்பதை வாசலோடு பார்த்ததுதான். இன்றுதான் முழுதாக உள்ளே நின்றேன்.

பன்னிரண்டு கேஸ் அடுப்பு. வெளியூரிலிருந்து நோயாளியோடு வந்து வராந்தாவில் துண்டு விரித்துக் கிடக்கிறவர்கள், சின்ன வாடகை கொடுத்து இங்கே தங்களுக்கும் நோயாளிக்கும் சமைத்துக்கொள்ளலாம். ஓட்டலில் வாங்கித் தின்றே கையிருப்பு கரைந்து, பாதி வைத்தியத்தில் ஊர் திரும்பியவர்களைப் பார்த்துவிட்டுத்தான் செண்பகம் இதை ஆரம்பித்தாள். அடுப்பு பற்றவைக்கிறவர் ஒரு பிடி அரிசியைப் பொதுப்பானையில் போட வேண்டும். துணைக்கு ஆளில்லாமல் கிடக்கிற நோயாளிகளுக்கு அதில்தான் கஞ்சி. கஞ்சி காய்ச்சுவது ஜுலைகா. புருஷன் இதே ஆஸ்பத்திரியில் இறந்தபின் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவள்.

என் கண்ணுக்கு எல்லாமே கோணலாகத் தெரிந்தது. ஒரு டம்ளர் அரிசி பொங்க ஒரு அடுப்பு. அடுப்புக்குப் பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள். வார்டிலிருந்து அழைப்பு வந்தால், கரண்டியைப் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளிடம் நீட்டி, "பானையப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். பொதுப்பானையில் பொன்னி, ரேஷன், இட்லி அரிசி எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. எப்படி ஒரே பதமாக வேகும்? என் பட்டறையில் மூன்று சைஸ் நட்டை ஒரே டப்பாவில் போட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இரவு செண்பகம் பேசினாள். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"எத்தனை அடுப்பு எரிஞ்சுது?"

"பன்னெண்டும்."

"ம்." சந்தோஷமாக இருந்தது அந்த ம்.

ஜூலை 9, செவ்வாய்

தோசை சுட்டேன். பிய்ந்தது.

ஜூலை 11, வியாழன்

பவுண்டேஷனிலிருந்து நிரஞ்சனா மேடம் போன் செய்தார். சின்ன வயதுப் பெண் போலிருக்கிறது, மரியாதையாகப் பேசினார். ஆகஸ்ட் எட்டாம் தேதி கமிட்டியிலிருந்து கொட்டகையைப் பார்க்க வருகிறார்கள். அதை வைத்துத்தான் இரண்டாம் கட்டம், அதாவது அந்த இரண்டு வருஷ உதவி, கிடைக்குமா என்பது முடிவாகும்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் பயன்பெறுறாங்க சார்?"

"எழுவது, எம்பது பேர் இருக்கும்."

"ஓ" என்றார். எனக்கு அந்த ஓ பிடிக்கவில்லை. இருநூற்றுக்கு மேலே போனால் கமிட்டிக்குப் பிடிக்கும், ஐந்து ஊர்களில் இதையே செய்ய முடியுமா என்றும் பார்ப்பார்கள் என்றார்.

இரண்டாம் கட்டம் கிடைக்காவிட்டால் கொட்டகை இல்லை. கொட்டகைக்காரர் தர்மலிங்கம், ஆவணி பிறந்ததும் அதை டூவீலர் ஸ்டாண்டாக மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார். அவர் கேட்கிற புது வாடகை நம்மால் ஆகாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் செண்பகம் என் பட்டறையில் பாதியைக் கேட்டாள். லேத் நிற்கிற இடத்தில் சோறு பொங்குவார்களா? அந்த லேத் தளத்தோடு போல்ட் போட்டு, ரசமட்டம் வைத்து நிறுத்தியது. முடி அகலம் நகர்ந்தாலும் வேலை கெட்டுப்போகும். அன்றைக்கே சொல்லிவிட்டேன், அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

ஒரு யோசனை. யோசனை என்ன, எவனுக்கும் தோன்றுவதுதான். தனித்தனியாக எழுபது பானை எதற்கு? ஒரே பெரிய அண்டா போதும். கல்யாணச் சமையல்காரரிடம் பழைய அண்டா ஒன்று கிடைத்தது. அடியில் துளை போட்டு, சக்கரம் வைத்த குழாய் பொருத்துகிறேன். திருகினால் கஞ்சி வரும். ரைஸ் மில் சபாபதி என் பழைய வாடிக்கை. அரிசி மூட்டையை அவர் தருவதாகச் சொல்லிவிட்டார். இனிமேல் பிடி அரிசி வேண்டாம்.

டோக்கனுக்கு எவர்சில்வர் வில்லைகள் லேத்தில் கடைந்தேன். ஒன்றுக்கொன்று நூலிழை வித்தியாசம் கிடையாது.

ஜூலை 17, புதன்

அண்டா ஓட ஆரம்பித்துவிட்டது. காலையில் கஞ்சியும் துவையலும், மத்தியானம் சோறும் ரசமும். வாடகை இல்லை, காத்திருப்பு இல்லை. டோக்கனைக் கொடு, வாங்கு, நகர். அடுப்புகளை அணைத்து ஓரமாக அடுக்கிவிட்டேன்.

ஜுலைகாவுக்குத்தான் ரொம்ப சந்தோஷம். "இப்பதாண்ணே என் முட்டிக்கு ரெஸ்ட்டு" என்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். ஐந்து வருஷத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

செண்பகம் இரவு கேட்டாள்: "எத்தனை அடுப்பு எரிஞ்சுது?"

"நூத்தி அறுவது பேரு சாப்ட்டாங்க."

"அடுப்பு?"

"அடுப்பு எதுக்கு? அதான் அண்டா இருக்குல்ல" என்று விவரத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "நான் அங்க இல்ல. நீங்க பாத்து செய்யுங்க" என்றாள். அசதியாக இருந்திருப்பாள். அங்கே காலையிலிருந்து ராத்திரி வரை வகுப்பாம்.

ஜூலை 22, திங்கள்

இருநூற்றுப் பத்து. நிரஞ்சனா மேடத்துக்கு போட்டோ அனுப்பினேன். கைதட்டுகிற பொம்மை மூன்று திரும்ப வந்தது.

ஜூலை 25, வியாழன்

இருநூற்று நாற்பது. இன்று செண்பகம் அங்கே எல்லோர் முன்னாலும் பேசினாளாம். என் எண்ணிக்கையைத் திரையில் போட்டதும் கைதட்டினார்களாம். சந்தோஷமான செய்தியைத் துக்கம் சொல்வது மாதிரி சொன்னாள்.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"இல்லங்க. நல்லாத்தான் இருக்கேன். அவங்கவங்க வீட்டுச் சோறு மணம் வருமே, அதான் ஞாபகம் வந்துச்சு."

பெங்களூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல. கருவேப்பிலைப் பொடி அனுப்பலாமா என்று பார்க்கிறேன். எப்படிச் செய்வது என்று அவளிடமே கேட்க முடியாது.

ஜூலை 29, திங்கள்

லேத் வேலை தேங்கிவிட்டது. வீட்டில் அவள் சேலை ஒன்று கொடியிலேயே கிடக்கிறது. காய்ந்து மூன்று வாரமாகிறது. மடித்து வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பேராவூரணிப் பக்கத்திலிருந்து வீரையன் என்று ஒருவர். மனைவிக்கு வயிற்றில் கட்டி, நாளைக்கு ஆபரேஷன். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, கஞ்சி வாங்காமல் ஓரமாக நின்றார்.

"என்னங்க, வாங்கிக்கிங்க."

"ரத்தத்துக்கு ஆள் வேணுங்க. பி நெகட்டிவாம். ரத்த வங்கில இப்ப அந்த வகை இருப்பு இல்லங்கிறாங்க. ஊருல சொல்லிப் பாத்தேன், யாரும் அமையல."

ஜுலைகா ஸ்டூலைவிட்டு எழுந்து வரிசையைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "பி நெகட்டிவ் யாராச்சும் இருக்கீங்களா?" ஒருவர் திரும்பிப் பார்த்தார், இன்னொருவர் முன்னால் நகர்ந்தார். வரிசையில் நிற்கிறவனுக்கு முன்னால் இருப்பவனின் முதுகும் அண்டாவின் குழாயும்தான் தெரியும். எல்லோரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நானும் போய்ச் சோதித்துப் பார்த்தேன். என் வகை அதில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. வீரையன் மனைவிக்கு ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ரத்தம் கைவசம் இல்லாமல் தொட மாட்டோம் என்கிறார்கள், அதுவும் நியாயம்தான். அந்த அம்மாவுக்கு ராத்திரி வலி அதிகமாம்.

தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். சபாபதிக்கு, தர்மலிங்கத்துக்கு, பழைய ஐ.டி.ஐ. நண்பர்களுக்கு. அமையவில்லை.

ஜுலைகா கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "போன வருசம் இன்னைக்கி ஒரு அடுப்புல எலுமிச்ச சாதம், ஒண்ணுல புளி சாதம், ஒண்ணுல தேங்கா சாதம். ஆளாளுக்கு மாத்திக் குடுத்துக்கிட்டாங்க. இந்நேரம் அடுப்பு இருந்திருந்தா அந்த மனுசனுக்கு ஆள் சிக்கியிருக்கும்ணே. இங்க எத்தன பேருக்குச் சிக்கியிருக்கு."

"அப்பறம் ஏன் நீ முன்னாடியே சொல்லல?"

"எனக்கும்தான் முட்டி வலிக்குது." தலையைக் குனிந்துகொண்டாள். "உக்காந்து பழகிட்டேன்."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கமிட்டி வர நான்கு நாள்தான் இருக்கிறது. அண்டாவை நிறுத்தினால் எண்ணிக்கை விழும். எண்ணிக்கை விழுந்தால் இரண்டாம் கட்டம் போகும். இரண்டாம் கட்டம் போனால் கொட்டகை போகும். பகல் முழுக்க இதையே சுற்றிச் சுற்றி யோசித்தேன். இருநூறு பேருக்கு மேல் பசியாறுகிறார்கள், அதுவும் பொய்யில்லையே.

சாயங்காலம் அடுப்புகளைத் துடைத்து, பர்னரைக் கழற்றி அடைப்பு எடுத்து, பன்னிரண்டையும் பழைய இடத்தில் வைத்தேன். சும்மா, துருப்பிடிக்கக் கூடாது என்றுதான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் டோக்கன் கொடுக்கவில்லை. அடுப்புகளைப் பற்றவைத்தேன். வரிசையில் வந்தவர்கள் முனகினார்கள், கொஞ்சப் பேர் திட்டிவிட்டே போனார்கள். வாங்கிக்கட்டிக்கொண்டேன். துணையில்லாதவர்களுக்கு மட்டும் பொதுப்பானை. சபாபதியின் மூட்டையிலிருந்து அரிசி இல்லாதவர்களுக்கு அளந்து கொடுத்தேன்.

வீரையனுக்கு மூன்றாவது அடுப்பு. மனுஷன் உலை கொதித்த பிறகும் அரிசியைப் போடாமல் நின்றார். நாலாவது அடுப்பில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த அம்மா பொறுக்க முடியாமல் அவர் கையிலிருந்த அரிசியை வாங்கித் தானே போட்டது.

"என்னய்யா, யாருக்கு என்ன?"

சொன்னார். கட்டி, ஆபரேஷன், ரத்தம், மூன்று நாள். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டது.

"எங்க மச்சான் பி நெகட்டிவ்தான். போன பொங்கலுக்குக்கூட ஒரு புள்ளைக்கிக் குடுத்தாரு. மாமியாரு கால் ஒடஞ்சு எலும்பு வார்டுல கெடக்கு. அங்கதான் இருக்காரு."

வீரையன் பானையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். நான் பார்த்துக்கொண்டேன். குழைந்துவிட்டது, பரவாயில்லை.

அந்த மச்சான் வந்தார். திருவோணத்துக்காரர், மஞ்சள் துண்டு. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். பத்துப் பன்னிரண்டு நாளாக என் வரிசையில்தான் நின்றிருக்கிறார். நானே குழாயைத் திருகிக் கஞ்சி ஊற்றியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜுலைகா சத்தம் போடுவதற்கு முன்பே முதல் ஆளாக வாங்கிக்கொண்டு போயிருந்தாராம்.

"எங்கிட்ட யாரும் கேக்கலையேங்க" என்றார்.

ஆமாம், யாரும் கேட்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுப்புப் புகை என்று எழுத முடியாது, கேஸ் அடுப்பில் புகை வராது.

இரவு செண்பகம் கேட்குமுன் நானே சொன்னேன். "பன்னெண்டும் எரிஞ்சுது."

ஆகஸ்ட் 7, புதன்

வீரையன் மனைவிக்கு ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்து, கஞ்சியில் உப்பு கம்மி என்று வீரையனைத் திட்டியதாம். அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கமிட்டி வந்தது. நிரஞ்சனா மேடமும், பேங்க்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும். வந்த நேரத்தில் இரண்டு பேர் அடுப்புக்குச் சண்டை. கருவாடு வேறு ஒரு பக்கம் வறுபடுகிறது. பெரியவர் கர்ச்சீப்பால் மூக்கை மூடிக்கொண்டார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வார்டிலிருந்து ஒரு பெண்ணுக்கு அழைப்பு வந்தது. அவள் பக்கத்தில் யார் என்றுகூடப் பார்க்காமல் கரண்டியை நிரஞ்சனா மேடம் கையில் திணித்தாள். "பாத்துக்கம்மா, அடிபுடிச்சிடாம." போய்விட்டாள். மேடம் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "கிண்டுங்க" என்றேன். வேறென்ன சொல்ல? பையை ஜுலைகாவிடம் கொடுத்துவிட்டுக் கிண்டினார். பக்கத்து அடுப்புக்காரி அவரிடம், யாரும்மா உள்ள, எந்த வார்டு, சாப்ட்டியா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பெரியவர் நேராக விஷயத்துக்கு வந்தார். "இருநூத்தி நாப்பதுன்னு சொன்னீங்க. இன்னைக்கு எம்பதுகூட தேறாது போலருக்கே."

"அது அண்டா சார். நான்தான் வச்சேன், நான்தான் நிறுத்திட்டேன்." வீரையன் கதையைச் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார்.

"புரியுது. ஆனா இதை எப்படி அளப்பீங்க? அளந்து காட்டினாத்தானே நாங்க நாலு பேருக்குச் சொல்ல முடியும்?"

"நான் லேத்துக்காரன் சார். அளக்காம ஒரு ஆணிகூட கடையமாட்டேன். ஆனா இத அளக்குறதுக்கு எங்கிட்ட கருவி இல்ல."

டீ கொடுத்தோம், குடித்தார். அந்தப் பெண் திரும்பி வரும் வரை மேடம் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

மத்தியானமே போன். செண்பகம் பகலில் பேசினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

கமிட்டி கூடிப் பேசியதாம். அண்டா முறைக்குத் திரும்பினால் இரண்டாம் கட்டம் உண்டு. ஐந்து ஊர்களுக்குச் செண்பகமே பொறுப்பு. பெங்களூரில் ஆபீஸ், மாதத்தில் பாதி நாள் பயணம். அடுப்பு முறைதான் என்றால், வாழ்த்துக்கள், வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். அவர்கள் மேல் தப்பில்லை, நூறு பேர் கேட்கிற இடத்தில் பத்துப் பேருக்குத்தான் கொடுக்க முடியும் என்றாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

போ என்று சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பெரிய வாய்ப்பு. அவளுக்கு அந்த மேடை, கைதட்டல் எல்லாம் தகும். அதைச் சொல்லாமல் வேறெதையோ சொன்னேன்.

"நம்ம பட்டறைய அளந்து பாத்தேன். எட்டு அடுப்பு தாராளமா போடலாம்."

எட்டு என்பதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"பன்னெண்டு போட முடியாதா?"

"லேத்த நகத்தினா போடலாம்."

"நகத்துவீங்களா?"

"பாக்கலாம்" என்றேன்.

பட்டறையை எப்போது அளந்தேன் என்று அவள் கேட்கவில்லை. நேற்று, ஞாயிற்றுக்கிழமையே அளந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

லேத்தை நகர்த்தியாயிற்று. போல்ட் நாலும் வெல்டிங் வைத்தது மாதிரி இறுகியிருந்தது, அறுத்துத்தான் எடுத்தேன். உருளை வைத்துத் தள்ள வீரையன், மஞ்சள் துண்டுக்காரர், இன்னும் இரண்டு பேர். மூலையில் சுவரோடு ஒட்டி நிற்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் கொஞ்சம் சாய்வு. தகடு வைத்துச் சரிசெய்யலாம். நுணுக்க வேலை இனி எடுக்க முடியாது. பம்பு செட் வேலை வரும், போதும். மனசு கனக்கத்தான் செய்கிறது.

அண்டாவைக் கல்யாணச் சமையல்காரர் திரும்ப வாங்கிக்கொண்டார். குழாய் நன்றாக இருக்கிறது என்றார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

செண்பகம் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டாளாம். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஞாயிறு காலை, பெங்களூர் வழியாக வரும் மைசூர் வண்டியில் வருகிறாள்.

நிரஞ்சனா மேடம் எனக்குத் தனியாக போன் செய்தார். வருத்தம் தெரிவிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "சார், அன்னைக்கு அந்தக் கஞ்சி அடிபுடிக்கலையே?" என்றார். இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. தர்மலிங்கம் கொட்டகையில் ஸ்டாண்ட் போர்டு மாட்டினார். நாங்கள் பதினொரு அடுப்பைப் பட்டறைக்குத் தூக்கி வந்து பொருத்திவிட்டோம். பன்னிரண்டாவதுக்குக் குழாய் இணைப்பு பாக்கி. கொடியில் கிடந்த சேலையை மடித்து வைத்தேன்.

டைரியின் முதல் பக்கத்தில் விட்டுப்போன இடத்தை நிரப்பினேன். ரத்த வகை: ஓ பாசிட்டிவ். யாருக்காவது வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வா என்றால் கேட்கவில்லை. பெட்டியோடு நேராகப் பட்டறைக்கு வந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, மூலையில் நிற்கிற லேத்தைத்தான் முதலில் பார்த்தாள். கிட்டே போய் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அடுப்புகளை எண்ணினாள். பதினொன்றில் பானை இருந்தது. பன்னிரண்டாவதைக் காலையில்தான் பொருத்தினேன், காலியாக இருந்தது.

"இது ஏன் சும்மா இருக்கு?"

"அது நம்மளுக்கு. நீ இன்னும் சாப்பிடலல்ல."

நான் பற்றவைத்தேன். அவள் ஒரு பிடி அரிசியை எடுத்துப் பொதுப்பானையில் போட்டாள். நானும் ஒரு பிடி போட்டேன். அவளுடையது பொன்னி, என்னுடையது ரேஷன்.